ஃபில்டர் பெட்டிக்குள் பொரி

“இருங்கம்மா, மதுரை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்”னு சொல்லிட்டு அந்தத் தம்பி போனைக் காதுல வச்சுக்கிட்டு வெளிய போயிட்டான். நான் ஒர்க் ஷாப்புல இந்தச் சோபாவுல இருக்கேன். இருக்காம எங்க போக, காரு உள்ள கிடக்கு, டேஷ்போர்டு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், கோழிய உரிச்சுப் போட்ட மாதிரி. கண்ணாடி வழியாத் தெரியுது. பாக்கக்கூடாதுன்னு நினைக்கேன், பாக்கேன். ஜெயிச்சாச்சு கனி, நீ ஜெயிச்சாச்சு, இனி எதுக்கு அதையே பாக்க. நான் பேசப் பேச அந்தத் தம்பி மூஞ்சி எப்படி ஆச்சு! சோலைராஜன்னு பேரு, நெத்தியில சந்தனம், பழைய கார் விக்கிற கம்பெனியில இருந்து வாரண்டியைப் பாக்கதுக்குன்னே அனுப்பின இன்ஸ்பெக்டர். வரும்போது எப்படி வந்தான். “எலி கடிச்சா வாரண்டி கிடையாதும்மா, அது வெளிக்காரணம்”னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சான். வெளிக்காரணமாம், எலி என்ன வெளிநாட்டுல இருந்தா வந்துச்சு. அப்புறம் மெக்கானிக் ஒரு பேப்பரை விரிச்சு அதுல கொட்டிக் காட்டினான். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால ஏசிக் காத்தை வடிகட்டுத ஃபில்டர் பெட்டி இருக்காம், அதுக்குள்ள எலி கூடு கட்டியிருக்கு, பஞ்சு, பேப்பர்த் துணுக்கு, நடுவுல பொரி. ஒரு கை பொரி. பக்கத்துல போற ஒயரையெல்லாம் நறுக்கித் தள்ளியிருக்கு, அதான் வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு நின்னு போகுது. “பாத்தீங்களாம்மா, ஆயுத பூசைக்குப் பொரி வச்சிருக்கீங்க, சிந்தினதைக் கூட்டாம விட்டிருக்கீங்க, எலி வந்திருச்சு, இது உங்க பக்கத்துத் தப்பு”ன்னான். வந்துச்சே எனக்கு. தம்பி, நாங்க வேதக்காரவங்க, கிறிஸ்தவங்க, எங்க வீட்டுல ஏது ஆயுத பூசை, ஏது பொரி? எங்க அப்பா சபையில உபதேசியாரு. படைச்ச சாமான் எங்க வாசப்படி ஏறாது. நான் இந்தக் காரை வாங்கினது ஜனவரியில. அதுக்கு முந்தின ஆயுத பூசைக்கு இது யாருகிட்ட இருந்துச்சு? பழைய ஓனருகிட்ட. அவரு வச்ச பொரி, அப்ப வந்த எலி. நூறு எடம் செக் பண்ணுதோம்னு விளம்பரம் போடுதீங்களே, அந்தக் கூட்டை ஏன் பாக்கல? காரோட எலியையும் சேத்துல்லா எனக்கு வித்திருக்கீங்கன்னு கேட்டேன். பக்கத்துச் சோபாவுல இருந்தவரு சிரிச்சுட்டாரு. தம்பி பேனாவை மூடிட்டான். “அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு”ன்னான். நியாயம் இருக்காமா? அப்பத்தான் எழுந்து வெளிய போனான்.

நல்லபடியா முடியணும் ஆண்டவரே, வேற ஒண்ணும் கேக்கல. இந்த வண்டி நின்னா எனக்குக் கை கால் நின்ன மாதிரி. டிசம்பர் பொறக்கப்போகுது. நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாத்தான்குளம்னு கேக் ஆர்டர் எடுத்து வச்சிருக்கேன், பாளையங்கோட்டையில இருந்து அம்புட்டையும் நானேதான் ஓட்டிக் கொண்டுபோய்க் குடுப்பேன். ஐசிங் கேக்கை வாடகை வண்டிக்காரன் கையில குடுத்துப் பாத்தாச்சு, ஒரு தடவை ஒரு கல்யாணக் கேக்கு போய்ச் சேரும்போது மாப்பிள்ளை பொம்மை ஒரு மூலையில, பொண்ணு ஒரு மூலையில. அதுக்குப் பொறவுதான் சொந்தமா ஒரு வண்டின்னு பிடிவாதமா நின்னேன். டீசல் வண்டி, கிலோமீட்டர் குடுக்கும், பின்னால சீட்டை மடிச்சா தட்டுத் தட்டா அடுக்கலாம். என் தம்பி குதிச்சான், பழைய டீசலை வாங்காதக்கா, அது ஆனையக் கட்டித் தீனி போடுத கதைன்னு. நாந்தான் வாங்கினேன். எங்க வீட்டுக்காரரு, இவியகிட்ட கேட்டதுக்கு, “உனக்குச் சரின்னா சரி கனி”ன்னாவ. எதுக்கும் அதுதான் சொல்லுவாவ. வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமான்னு கேட்டாலும் அது, மகளை ஓசூருக்குக் கட்டிக் குடுக்கலாமான்னு கேட்டாலும் அது. இப்ப இருந்த காசெல்லாம் முந்திரியாவும் கிஸ்மிஸாவும் வெண்ணெயாவும் வீட்டுல கிடக்கு. வாரண்டி இல்லன்னுட்டா வண்டி இப்படியே தை மாசம் வரைக்கும் கிடக்க வேண்டியதுதான், அந்த ஒயரிங்கைப் பூரா மாத்தணுமாம், மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு நாக்கு ஒட்டிப் போச்சு. வண்டியில்லாட்டி கிறிஸ்துமஸ் இல்ல. ஒரு வருசம் ஆர்டரை விட்டா மறு வருசம் எவன் நம்மளக் கூப்புடுவான், சாத்தான்குளத்துலயே இப்ப மூணு பேரு கேக் போடுதாவ. சரி சரி, அதான் ஜெயிச்சாச்சே. ஏசி ரொம்பக் குளுருது. மீன் தொட்டியில ஒரு மீனு கண்ணாடியில வாயை வச்சு வச்சு எடுக்குது, அதுக்கும் ஏதோ கம்ப்ளைண்டு இருக்கும்போல.

இவிய பக்கத்துல இருக்காவ. மிஷின் டீயைக் கையில வச்சுக்கிட்டு இருக்காவ, குடிக்கல. ஆறிப் பாலாடை கட்டிருச்சு. நான் அம்புட்டுப் பேசினேன், ஒத்தை வார்த்தை கூடப் பேசல, தரையையே பாத்துக்கிட்டு இருந்தாவ, என் பேச்சுல மலைச்சுப்போய் இருக்காவன்னு நினைச்சேன். எப்பவுமே அப்படித்தான். பஸ் டிப்போ ஸ்டோர்ஸ்ல இவியளக் கண்டா மெக்கானிக்கெல்லாம் நடுங்குவானாம், திரவியம் அண்ணாச்சி கையெழுத்து இல்லாம ஒரு நட்டு வெளிய போகாதாம், அங்க வேலை பாக்குத பையன் ஒருத்தன் சொன்னான், எனக்குச் சிரிப்புத் தாங்கல, எங்க வீட்டுல இவியளுக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னே தெரியாது. சாதுவான மனுசன். ஜெபத்துல மட்டும் இவியள மிஞ்ச ஆளு கிடையாது. அதை நான் சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துல சாட்சியாவே சொன்னேனே. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும், “கார் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வாரேன்”னு போவாவ. போனா உடனே வர மாட்டாவ. ஒரு நாள் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், கார் ஷெட்டுல, காருக்குள்ள, லைட்டுக்கூடப் போடாம, தலையைக் குனிஞ்சு இருக்காவ. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. உள்ள வந்ததும் கேட்டேன், ஜெபம் பண்ணுனீங்களான்னு. முழிச்சுட்டு “ம்”ன்னாவ. அந்தச் சங்கக் கூட்டத்துல நான் எழுந்து சொன்னேன், சகோதரிகளே, என் வீட்டுக்காரர் காரையே ஜெப அறையாக்கிட்டாருன்னு. குருவானவர் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாவ. ஜெபத்துல எம்புட்டு உருக்கம்னா, முடிச்சு உள்ள வந்ததும் ஒரு செம்புத் தண்ணியை மடமடன்னு குடிப்பாவ. அதையும் சொன்னேன். உருகி ஜெபிச்சா தொண்டை காயுமில்லா.

தண்ணி. எனக்கும் தாகமா இருக்கு, எழுந்து போய்க் குடிக்கலாம், எழுந்தா அந்தப் பேப்பரைத் தாண்டிப் போகணும். மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டான் மெக்கானிக், ஏதோ விருந்துக்கு வச்ச மாதிரி. கொட்டும்போது கலகலன்னு சத்தம் வந்துச்சு. அந்தச் சத்தம் என்னமோ காதுலயே நிக்கி. எதுக்கு நிக்கி? பொரின்னா சத்தம் வரத்தான் செய்யும். சின்ன வயசுல எங்க அப்பா உபதேசியாரா இருந்த ஊருல பக்கத்து வீட்டுப் பேச்சி ஆயுத பூசை அன்னைக்கு என் கையில பொரி போட்டா, வெல்லம் சேத்து. எங்க அப்பா “கனி”ன்னு ஒரு சத்தம், ஒரு பார்வை. அம்புட்டையும் கோழிக்குப் போட்டுட்டேன், உள்ளங்கையில ஒட்டியிருந்த வெல்லத்தை மட்டும் அப்பா திரும்புன நேரம் பாத்து நக்கினேன். அந்த ருசி இன்னும் இருக்கு. நாக்கு மறக்கவே மாட்டேங்குது. ஆனா மனசுல வச்சேன், என் வீட்டுக்குள்ள அது வரக்கூடாதுன்னு. கல்யாணமான முதல் வருசம் இவிய டிப்போவுல இருந்து ஒரு பை நிறையக் கொண்டு வந்தாவ, அங்க ஆயுத பூசைன்னா திருவிழாதான், பஸ்ஸுக்கெல்லாம் வாழை மரம் கட்டி, ஆளுக்கொரு பை பொரி கடலை. புது மாப்பிள்ளை, சிரிச்சுக்கிட்டே பையை நீட்டினாவ. நான் வாசல்லயே நிறுத்திட்டேன். படைச்சதா? ஆமா. அப்ப இது உள்ள வராது. ரோட்டுல போன ஒரு பாட்டிகிட்ட குடுத்துட்டு வந்தாவ. அதுக்குப் பொறவு கொண்டு வந்ததே கிடையாது. நான் சொன்னதும் கேட்டுக்கிட்டாவ, தங்கமான மனுசன்.

கலகலன்னு. அதான் இடிக்குது எனக்கு. ஒரு வருசத்துக்கு முந்தின பொரி எப்படிக் கலகலன்னு விழும்? நமுத்துல்லா போயிருக்கணும். நமுப்பு எனக்குத் தெரியாதா, என் பிழைப்பே அதுதானே, டப்பாவை ஒழுங்கா மூடாட்டி மறுநாளே பிஸ்கட் தொஞ்சு போகுது. இந்த ஐப்பசி கார்த்திகை மழைக் காத்துல வெளிய வச்ச எதுவும் முறுகலா நிக்காது. ஏசிப் பெட்டி, காஞ்ச எடம், அதனால இருக்கலாம். இருக்கலாம். நிறம் கூட மாறல, வெள்ளை வெளேர்னு. ஏசிப் பெட்டிக்குள்ள வெயில் படாது, மாறாது. அதும் சரிதான். போன சித்திரையில வெயிலு தாங்காம நானே அந்த ஃபில்டரைக் கழட்டிக் கழுவித் தாங்கன்னு இங்க குடுத்தேனா இல்லையா? குடுத்தேன். இதே ஒர்க் ஷாப்புதான். சுத்தம் பண்ணி மாட்டியாச்சும்மான்னு சொன்னாவ. அப்பக் கூடு இருந்திருந்தா பாத்திருப்பாவளே. பாக்காம ஏமாத்திருப்பாவ, இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேலை செய்யுதான். ஆமா, அப்படித்தான் இருக்கும். இவிய டீயைக் கீழ வச்சாவ. ரெண்டு கையையும் கக்கத்துல ஒடுக்கிக்கிட்டாவ. ஏசிக்குத்தான். இவியளுக்கு ஏசி ஒத்துக்காது, கூட வந்தா காருலயும் ஏசி போட விடமாட்டாவ, கிளவ் பாக்ஸைத் திறந்து துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே வருவாவ. இப்பக் கொஞ்ச நாளா நான் அந்தக் கிளவ் பாக்ஸைத் திறக்கப் போனா, “என்ன வேணும், நான் எடுத்துத் தாரேன்”னு குறுக்க கையை வைப்பாவ. பிரியம்னு நினைச்சேன்.

அய்யோ.

அய்யய்யோ, ஒரு செம்புத் தண்ணி. பொரி தின்னா தண்ணி தவிக்காம என்ன செய்யும். இருட்டுக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ஜெபமாம் ஜெபம்! நான் சங்கத்துல எழுந்து சொன்னேனே, ஜெப அறைன்னு சொன்னேனே, குருவானவர் வீட்டம்மா கண்ணு கலங்கினாவளே. எனக்குச் சிரிப்பு வருதா அழுகை வருதா ஒண்ணும் புரியல. அப்ப வருசா வருசம்? போன வருசம் கார் கிடையாது, அப்ப எங்க வச்சுத் தின்னாவ? மொட்டை மாடியிலயா? மோட்டார் ரூமா? மோட்டார் போடப் போறேன்னு போனா அரை மணி நேரம் ஆகும், தொட்டி நிறையட்டும்னு நின்னேன்பாவ. இருங்க இருங்க, இன்னும் கேக்கல, நானா எதையாச்சும் நினைச்சுக்கிட்டு. கேட்டாத்தான் தெரியும். கேக்கவே வேண்டாமே கனி. கேக்காட்டி அது பழைய ஓனர் பொரிதான். அந்தத் தம்பி நம்பிட்டான், பக்கத்துச் சோபாக்காரரு நம்பிட்டாரு, நானே கொஞ்சம் முந்தி வரைக்கும் நம்பிக்கிட்டுதானே இருந்தேன். எழுந்து போய்த் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து பேசாம இரு. கேக்கு ஆர்டரை நினைச்சுப் பாரு. வெண்ணெய் வீட்டுல கிடக்கு.

“ஏங்க”ன்னேன். “ம்”ன்னாவ, தலை நிமிரல. வாய் நான் சொல்லாமலே கேட்டுது, “டிப்போவுல குடுக்குத பொரியில பொட்டுக்கடலையும் போட்டுத் தருவாவளா?” அம்புட்டுதான் கேட்டேன். இவிய என் மூஞ்சியைப் பாத்தாவ. டீ மிஷின்ல யாரோ பட்டனை அழுத்த, சர்ருன்னு ஒரு சத்தம் வந்து அடங்குச்சு. “தேங்காச் சில்லும் இருக்கும்”னாவ. மெதுவா, ஏதோ டாக்டருகிட்ட வலி எங்கன்னு சொல்லுத மாதிரி. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. கிளவ் பாக்ஸ்ல துணிக்கு அடியில வச்சிருந்தாவளாம். தினம் ஒரு பிடி. ஒரு நாள் பாத்தா பைல ஓட்டை, எலி கடிச்சிருக்கு, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுட்டாவளாம். “உள்ள கொண்டுபோய்ச் சேத்து வச்சிருக்கும்னு எனக்குத் தோணலியே கனி.” ஏன் அப்பவே சொல்லலன்னு கேட்டேன். நான் பேசும்போதாச்சும் என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே, சபை நடுவுல பேசுத மாதிரி அப்பா பேரு, ஆண்டவர் பேரெல்லாம் இழுத்துப் பேசினேனேன்னு கேட்டேன். “நீ ஜெயிச்சுக்கிட்டு இருந்த”ன்னாவ.

கோவம் வரணும். வந்துச்சு, தொண்டை வரைக்கும் வந்துச்சு, எப்பவும் வார கோவம்தான், அதுக்கு வழி தெரியும், நேரா நாக்குக்கு வந்துரும். இன்னைக்கு என்னமோ வரல. நான் இவியளப் பாக்கேன். காதோரம் நரைச்ச முடி, சட்டைப்பையில ரெண்டு பேனா, இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு ஆகப்போற மனுசன். டிப்போவுல ஒரு நட்டுக்கு நூறு கேள்வி கேக்குத மனுசன். ஒரு பிடி பொரியைத் திங்கதுக்கு இருட்டுல போய்க் காருக்குள்ள குனிஞ்சு இருந்திருக்காவ, மெல்லுத சத்தம் வெளிய கேட்டுரக் கூடாதுன்னு கண்ணாடியை ஏத்திவிட்டு. யாருக்குப் பயந்து? சாமிக்குப் பயந்திருந்தா தின்னிருக்கவே மாட்டாவளே. எனக்குப் பயந்து. எனக்கு நெஞ்சு வலிச்சுது, சும்மா சொல்லல, நிசமாவே வலிச்சுது. முப்பது வருசத்துக்குக் கிட்ட ஆச்சு, பக்கத்துல படுத்து எழுந்திரிச்சிருக்கேன், என்னைக் கண்டு பயப்படுதாவன்னு எனக்கு ஒரு நாளும் தெரியல, சாதுன்னு நினைச்சேன். நாலு பேருகிட்டப் பெருமையாச் சொன்னேன், எங்க வீட்டுக்காரரு என் பேச்சைத் தட்டவே மாட்டாருன்னு. தட்டினா வீட்டுல என்ன நடக்கும்னு இவியளுக்குத்தானே தெரியும். நான் கை நீட்டினவ இல்ல, சோறு போடாம இருந்தவ இல்ல. ஒரு பார்வைதான் பாப்பேன். அந்தப் பார்வைய அப்பாகிட்ட இருந்து வாங்கிட்டு வந்தேன்போல, கோழிக்குப் போடவச்ச அதே பார்வை. இப்ப அந்தத் தம்பி வருவான். நான் ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே சொன்னதுதான், அப்பத் தெரியாமத்தானே சொன்னேன், சும்மா இருந்தாப் போதும். வண்டி ரெடியாகும், கேக்கு போகும், நாலு காசு வரும். ஆனா நாளைக்கு இதே வண்டியில பக்கத்து சீட்டுல இவிய இருப்பாவ. கிளவ் பாக்ஸுக்கு நேரா. நான் ஜெயிச்சதுக்கு எதிர்க்க முழங்காலை ஒடுக்கிக்கிட்டு நாசரேத்து வரைக்கும் இருப்பாவ, ஒரு வார்த்தை சொல்லமாட்டாவ. உனக்குச் சரின்னா சரி கனி.

கதவு திறந்துச்சு. சோலைராஜன் சிரிச்சுக்கிட்டே வாரான், பாவம், அவனுக்கே சந்தோசம். “அம்மா, பேசிட்டேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், மேனேஜரே ஆடிப்போயிட்டாரு. கம்பெனி செலவுலயே மாத்திக் குடுத்துர்றோம். ஒரே ஒரு வீடியோ மட்டும் எடுத்து அனுப்பச் சொல்றாங்க. உங்க பேரு, வண்டி நம்பரு, எங்க வீட்டுல பொரி வைக்கிற வழக்கமே கிடையாது, இது எங்க பொரி இல்ல, அவ்வளவு சொன்னாப் போதும், ரெண்டு நிமிஷம்.” போனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சான். இவிய எழுந்தாவ, வீடியோவுல தான் விழுந்துரக் கூடாதுன்னு ஓரமாப் போகப் பாத்தாவ. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். “இருங்க இங்க”ன்னேன். இருந்தாவ. முகம் வெளுத்துப்போய், இப்பப் பாக்கப்போறா அந்தப் பார்வைன்னு இருக்காவ. நான் அந்தப் பக்கமே திரும்பல. “எடு தம்பி”ன்னேன். எடுக்க ஆரம்பிச்சான், ஒரு சின்ன சிவப்புப் புள்ளி.

“என் பேரு ஜெபக்கனி. இவிய என் வீட்டுக்காரரு ஞானதிரவியம். வண்டி எங்க வண்டிதான்.” நம்பரைச் சொன்னேன். தம்பி தலையை ஆட்டினான், மேல சொல்லுங்கன்னு. மீன் தொட்டியில தண்ணி குமிழி விடுத சத்தம் கேக்குது. இவிய மூச்சுவிடுத சத்தம் கேக்குது. வெண்ணெய், முந்திரி, சாத்தான்குளத்து ஆர்டர் எல்லாம் வரிசையா வந்து நிக்கி, போங்கன்னு சொன்னேன். “அந்தப் பொரி பழைய ஓனரு வச்சது இல்ல தம்பி. நான் தெரியாமப் பேசிட்டேன். அது எங்க வீட்டுப் பொரிதான்.”

தம்பி போனைக் கீழ இறக்கிட்டான். “அம்மா, என்ன சொல்றீங்க, இதை அனுப்பினா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே. நான் வேணா அழிச்சுட்டு மறுபடி எடுக்கட்டுமா?” வேண்டாம் தம்பி, அதையே அனுப்புன்னேன். இவிய என் கையைப் பிடிச்சாவ, நாலு பேரு இருக்க எடத்துல, அது என்ன வழக்கமோ. “கனி, கேக்கை எப்படிடீ கொண்டுபோவ?”ன்னு கேட்டாவ. “தெரியல. பெட்டியை ரெண்டு பேரும் மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல போவோம், போறவரைக்கும் போகட்டும், உடைஞ்சா உடைஞ்சதுதான்.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டேன். “நான் திங்க மாட்டேன், அது வேற. ஆனா அடுத்த வருசம் குடுத்தாவன்னா நேரா வீட்டுக்குள்ள கொண்டாங்க. ஒரு தட்டுல போட்டு, லைட்டைப் போட்டுட்டு, என் முன்னால இருந்து தின்னுங்க.”